ஊருக்கு ஒரு வக்கீல்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் ஒரு வாசனை வரும். போன மாதம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. ஒரு பையன் வாளியும் பிரஷுமாக ஏதோ தனிப்பயிற்சி நிலையத்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தான். நின்றுவிட்டேன். எனக்கு நினைவு வந்தது வேறொரு வாளி. நகராட்சியின் தகர வாளி. அதைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டி, நோட்டீஸ் கட்டைக் கேரியரில் செருகி, வீடு வீடாகப் போவார் பியூன். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகளை வைத்துக் கதவில் ஒட்டிவிட்டு, தன் பிரதியின் பின்பக்கத்தில் ‘ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது’ என்று தேதியோடு எழுதிக்கொண்டு வருவார். அந்த ஒற்றை வரி இருக்கிறதா, சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வக்கீல் தொழிலில் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை.

எழுபதுகளின் கடைசி அது. சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊரிலேயே ஒரு சீனியரிடம் சேர்ந்திருந்தேன். நகராட்சி வழக்கறிஞர் அவர்தான். ஊரில் ‘முனிசிபல் வக்கீல் வீடு’ என்றால் குழந்தையும் வழி காட்டும். வாசலில் அகலமான திண்ணை. உள்ளே நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஆபீஸ் அறை. மூன்று சுவரிலும் புத்தகம், நான்காவது சுவரில் கட்டுகள். நகராட்சிக் கட்டுகளை மட்டும் தனி அலமாரியில், பச்சை நாடா போட்டு வைத்திருப்பார். “மத்ததெல்லாம் கட்சிக்காரன் கட்டு தம்பி. இது ஊர்க் கட்டு. இதைத் தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவிட்டு வா” என்பார். நிஜமாகவே கழுவிவிட்டு வருவேன்.

முனிசிபல் வக்கீல் என்றால் கோர்ட்டில் நின்று வாதாடுகிறவர் என்றுதான் நானும் நினைத்துச் சேர்ந்தேன். கோர்ட் வேலை பாதிகூட இல்லை. சொத்து வரி அதிகமென்று முன்சீப் கோர்ட்டில் வழக்கு வரும். சந்தைக் குத்தகை ஏலத்தில் தோற்றவர் தடை கேட்பார். வேலை நீக்கப்பட்ட ஓவர்சியர் வருவார். குப்பை லாரி மோதிக் கால் ஒடிந்தவர் வருவார். இவை போக, தினமும் மாலையில் நகராட்சி பியூன் தபால் புத்தகத்தோடு வந்து நிற்பார். அதில் கையெழுத்துப் போட்டுக் கோப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ‘இதைச் செய்யலாமா, கூடாதா? சட்டக் கருத்துரை வேண்டும்’ என்று கமிஷனர் எழுதியிருப்பார். சீனியர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்காகவே உட்காருவார். மேசையில் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். அவருடைய பிரதியில் அச்சடித்த பக்கங்களைவிடத் திருத்தச் சீட்டுகள்தான் அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டிப் புத்தகம் மூட முடியாமல் விரிந்தே கிடக்கும்.

கட்டணம் சொற்பம். நகர்மன்றம் தீர்மானம் போட்டு நிர்ணயித்த தொகை. அதற்கும் பில் அனுப்பி, பாஸாகி வருவதற்குள் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் ஒரு தடை எழுதியிருப்பார்கள். குமாஸ்தா அய்யா அந்தத் தடைக்குப் பதில் எழுதியே அலுத்துப்போவார். “நாலு சிவில் கேஸ் சேர்த்து எடுத்தா இதுக்குப் பத்து மடங்கு வருமே சார்” என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். “அதுல தோத்தா ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். இதுல தோத்தா ஒரு தெருவே போயிடும்ப்பா. யாராவது பாத்துக்கணும்ல” என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆக்கிரமிப்பு அகற்றுவதென்றால் நகராட்சி அலுவலகத்துக்குப் பிடித்த கிழமை வெள்ளி. சாயங்காலம் கோர்ட் கலைந்த பிறகு ஆளும் கடப்பாரையுமாகப் போனால், திங்கட்கிழமை காலை வரை யாராலும் தடை உத்தரவு வாங்க முடியாது. திங்களன்று வழக்குப் போட வருகிறவரிடம் காப்பாற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சியிருக்காது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிஷனரே வீட்டுக்கு வந்தார். கோயில் குளத்தின் வடகரையில் பூக்கடை, தேங்காய்க் கடை, வளையல் கடை என்று ஒரு வரிசை இருந்தது. தேர் திரும்புகிற முனை அது. திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அன்று சாயங்காலமே எடுத்துவிடப்போகிறார்கள், எங்களைக் கேட்காமல் தடை தராதீர்கள் என்று முன்னெச்சரிக்கையாகக் கோர்ட்டில் ஒரு கேவியட் போட்டு வைக்க வேண்டும். அவர் வந்தது அதற்குத்தான்.

“நோட்டீஸ் சார்வு ஆயிருக்கா?” என்றார் சீனியர்.

“பிளாட்பாரக் கடைக்கு என்ன சார் நோட்டீஸ்? எடுக்கறதுக்குச் சட்டத்துலயே அதிகாரம் இருக்கே.”

“எடுக்க அதிகாரம் இருக்கு. கேக்காம எடுக்க அதிகாரம் இருக்கான்னு பாப்போம்.”

காபி வந்தது. சீனியர் ஒரு பழைய வழக்கைச் சொல்ல ஆரம்பித்தார். நான் அதைச் சட்டக் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அவர் சொல்லித்தான் கதையாகக் கேட்டேன். லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் என்ற பகுதி. நம் நகராட்சிபோல அங்கே ஒரு போர்டு. வீடு கட்டுமுன் போர்டுக்கு ஏழு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், தராவிட்டால் போர்டு இடிக்கலாம் என்று 1855ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கூப்பர் என்பவர் கட்டிய வீடு இரண்டாம் தளம்வரை எழும்பிவிட்டது. அறிவிப்பு வரவில்லை என்று போர்டு ஒருநாள் மாலை நேரங்கழித்து ஆட்களை அனுப்பி அதைத் தரைமட்டமாக்கிவிட்டது. கூப்பர் வழக்குப் போட்டார். சட்டத்தில் ‘விசாரித்துவிட்டு இடி’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் 1863இல் நீதிமன்றம், கேட்காமல் இடித்தது தவறு, நஷ்டஈடு கொடு என்றது. ஆதாமைத் தோட்டத்தைவிட்டு அனுப்புமுன் கடவுள்கூடக் கூப்பிட்டுக் கேட்டார் என்று இன்னும் பழைய வழக்கொன்றில் சொல்லப்பட்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

“லண்டன்ல வீடு. இங்க நாலு கீத்தும் ரெண்டு பலகையும்” என்றார் கமிஷனர்.

“அந்த ரெண்டு பலகைதானே அவங்களுக்கு வீடு, நிலம், பாங்கு எல்லாம்?” என்று சொல்லிவிட்டு, அங்கேயே கருத்துரையைக் கையால் எழுதிக் கொடுத்தார் சீனியர். முதலில் நோட்டீஸ், பதில் சொல்ல அவகாசம், நேரில் விசாரணை, அப்புறம் உத்தரவு.

கமிஷனர் முகம் சுண்டித்தான் போனார். ஆனால் கருத்துரைப்படி செய்தார். தகர வாளி குளக்கரைக்குப் போயிற்று. விசாரணை நகராட்சிக் கூட்ட அறையில் நடந்தது. குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். வடகரையில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். எல்லாம் தரைக் கட்டண ரசீதுகள். சந்தைக் குத்தகைதாரர் நகராட்சி பேரால் தினமும் கிழித்துக் கொடுத்தது. வெற்றிலைக் கறையும் பூவின் ஈரமும் ஊறிய துண்டுச் சீட்டுகள். “தெனமும் காசு வாங்கினீங்களே சாமி. வாங்கறப்ப எடம் ஒங்களுது, நான் கடை போடலாம்னுதானே வாங்கினீங்க?” என்றார். கமிஷனர் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நல்ல மனிதர் அவர். திருவிழா முடியும்வரை தென்கரை, பிறகு மார்க்கெட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் கூரையோடு இடம் என்று உத்தரவு எழுதினார். அதிலும் திருப்திப்படாத இரண்டொருவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார்கள். விசாரணைப் பதிவு எங்கள் கையில் இருந்தது. தடை கிடைக்கவில்லை. தேர் தடங்கலில்லாமல் திரும்பியது.

பின்னால் 1985இல் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வந்தபோது சீனியர் என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பம்பாய் மாநகராட்சி நடைபாதைக் குடிசைகளை அகற்றிய வழக்கு. தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள். நடைபாதையை அடைத்துக் குடியிருக்க உரிமை கிடையாது என்று சொன்ன அதே தீர்ப்பு, பிழைப்பும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. அறிவிப்பில்லாமல் அகற்றுவது விதிவிலக்காக மட்டுமே இருக்கலாம் என்றது. மழைக்காலம் முடியும்வரை அவர்களைத் தொடக் கூடாது என்றும் சொன்னது. அந்த இடம் வந்தபோது சீனியர், “மழையைப் பத்தி யோசிச்சிருக்காங்க பாரு” என்றார்.

நகராட்சிக்காக ஆஜராகிறவர் நகராட்சி சொல்வதையெல்லாம் கோர்ட்டில் சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்வி எனக்குத் தெளிந்தது ஒரு சாக்கடை வழக்கில். கீழத்தெருவில் திறந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் வீட்டுக்குள் கழிவு ஏறும். தெருக்காரர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்துவிட்டார்கள். நகராட்சி தயாரித்து அனுப்பிய பதில் ஒரே வரி: நிதி இல்லை. சீனியர் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பினார். கூடவே 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரத்லாம் நகராட்சித் தீர்ப்பை நகலெடுத்து வைத்தார். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமிலும் இதே கதைதான். சாக்கடை இல்லை, கழிப்பிடம் இல்லை, தெருவே நாற்றம். அங்கேயும் நகராட்சி பணமில்லை என்றுதான் சொன்னது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மக்கள் நாகரிகமாக வாழ வழி செய்வதற்காகவே அமைந்த சபை, பணமில்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து ஒதுங்க முடியாது என்று தீர்த்தார்.

“நம்ம பக்கம் பேசறதுக்குத்தானே சார் உங்களை வெச்சிருக்கோம்?” என்று நகராட்சிப் பொறியாளர் வந்து வருத்தப்பட்டார். “கீழத்தெருவும் நம்ம பக்கம்தானே?” என்றார் சீனியர். அன்று இரவு பொறியாளரும் அவரும் திண்ணையில் வரைபடத்தை விரித்து, எந்த மாதத்துக்குள் எவ்வளவு தூரம் மூடு சாக்கடை போட முடியும் என்று கணக்குப் போட்டார்கள். அதை உறுதிமொழியாக எழுதித் தாக்கல் செய்தார்கள். தெருக்காரர்களின் வக்கீல் எழுந்து நன்றி சொன்னார். வழக்கில் தோற்றதா ஜெயித்ததா என்று குமாஸ்தா அய்யா டைரியில் எப்படி எழுதுவதென்று தெரியாமல், ‘வேலை நடக்கும்’ என்று எழுதிவைத்தார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நடந்த சந்து வழக்கைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் துப்புரவுச் சந்துகள் உண்டு. மலக்கூடை சுமக்கிறவர்கள் முன்வாசல் வழியாக வரக் கூடாதென்று ஊர் ஏற்படுத்திய சந்துகள். செப்டிக் டேங்க் வந்த பிறகு அந்தச் சந்துகளில் ஆள் நடமாட்டம் நின்றது. ஒவ்வொரு வீட்டுக்காரராகச் சுவரைத் தள்ளிக் கட்ட ஆரம்பித்தார்கள். ஓர் அரிசி ஆலைக்காரர் ஒரு சந்தை முழுதாகவே சுவருக்குள் எடுத்துக்கொண்டார். நகராட்சி வழக்குப் போட்டது. அவர் சொன்ன எதிர்வாதம், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தன் அனுபவத்தில் இருக்கிறது, இடம் தனக்கே பாத்தியம் என்பது. தனியார் நிலத்துக்கு அந்த வாதம் சரி. பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சி தொடுக்கும் வழக்குக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. ஆகவே அது பொதுச் சந்துதான் என்று காட்டினால் போதும். காட்டுவது எப்படி? நகரளவை வரைபடத்தில் கோடு இருந்தது. ஆனால் கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் சங்கிலி வைத்து அளந்தபோது எல்லைக் கல் கிடைக்கவில்லை.

அந்தச் சந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டியைச் சீனியர் தேடிப் பிடித்தார். வீட்டுக்கு வந்தவர் வழக்கப்படி வாசல்படிக்குக் கீழே நின்றார். “அம்மா, மேல வந்து பெஞ்சில உக்காருங்க” என்றார் சீனியர். அவர் தயங்கினார். சீனியர் இறங்கிப்போய் அழைத்துவந்து உட்காரவைத்தார். எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், படிக்காத உங்களுக்குச் சந்து எங்கே திரும்பியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். “முப்பது வருசம் தலைச்சுமையோட நடந்த காலுக்குத் தெரியாதா? வேப்பமரத்துக்கிட்ட வழுக்கும். அங்கதான் திரும்பணும்” என்றார் அந்த அம்மா. ஆலைச் சுவருக்கு உள்ளே அந்த வேப்பமரம் நின்றுகொண்டிருந்தது. நகராட்சிக்குத் தீர்ப்பாயிற்று. யாரை ஊர் பின்பக்கமாகவே நடக்கவிட்டதோ, அவருடைய வார்த்தையால்தான் ஊருக்குச் சந்து திரும்பக் கிடைத்தது. 1993இல் கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோதும், அந்தத் தடை காகிதத்திலேயே நிற்கிறதென்று செய்திகள் வரும்போதும் அவர் முகம்தான் எனக்குத் தெரியும்.

தீர்ப்புக்கு மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது நகர்மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆலைக்காரரிடம் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு சமரசமாகப் போகலாம் என்று. சமரச மனுவில் வக்கீல் கையெழுத்து வேண்டும். மன்றத்தின் பெரிய மனிதர் ஒருவர் பழத்தட்டோடு வந்தார். “தீர்மானம் மெஜாரிட்டிங்க, வக்கீல் சார்.” சீனியர் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை மரியாதைக்கு எடுத்துக்கொண்டார். “மன்றம் தெருவுக்குச் சொந்தக்காரன் இல்லைங்க, காவல்காரன். காவல்காரன் வித்தா பத்திரம் செல்லாது. வேற வக்கீல் வெச்சுக்கறதுன்னா கட்டை இப்பவே தர்றேன்” என்றார். பச்சை நாடாவோடு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தும் விட்டார். அவர்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை. மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. லக்னோவில் ஒரு பூங்காவுக்கு அடியில் கடைவளாகம் கட்ட மாநகராட்சியே கொடுத்த அனுமதி செல்லாது என்பதை 1999இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பொது இடத்துக்கு உள்ளாட்சி அறங்காவலர்போலத்தான் என்ற அந்தத் தீர்ப்பைப் படிக்க அவர் இல்லை. அவர் மேசையில் உட்கார்ந்து நான் படித்தேன்.

ஊர் நிர்வாகத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் உடனிருப்பது நமக்குப் புதிதில்லை. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோதே மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்ஜெஸ்களோடு ரெக்கார்டர் என்று சட்டமறிந்த ஒருவருக்கும் இடம் வைத்தார்கள். ஆனால் இன்றும் நம் வக்கீலின் கருத்துரை அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. ஏற்கலாம், ஓரமாக வைக்கலாம். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் கண்காணிப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். பெரும்பாலும் சபையின் தலைமை வழக்கறிஞரே அந்தப் பொறுப்பில் இருப்பார். சபை சட்டமீறலாக ஒன்றைச் செய்யப்போகிறதென்று தெரிந்தால் அவர் எழுத்தில் அறிக்கை தந்தாக வேண்டும். அதைச் சபை பரிசீலிக்கும்வரை அந்த வேலை நகராது. அப்படியொரு பிரிவு நம் சட்டத்தில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் சீனியர் போன்றவர்கள் மனத்திடத்தால் மட்டுமே செய்ததைச் சாதாரண மனிதரும் செய்ய முடிய வேண்டும்.

அவருக்குப் பிறகு பல வருஷம் அந்த வேலையை நான் பார்த்தேன். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது, 1996இல் தேர்தல் நடந்து மன்றங்கள் உயிர்பெற்றன. 2016க்குப் பிறகு தேர்தலே இல்லாமல் 2022வரை தனி அலுவலர்களிடம் ஓடியது. 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்ததும் முன்சீப் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்தவை ரிட் மனுக்களாக அங்கே போயின. தபால் புத்தகம் போய் வாட்ஸ்அப் வந்தது. இடித்து முடித்த பிறகு படத்தை அனுப்பி, ‘சார், தடை வராம பாத்துக்கங்க’ என்று கேட்கிற காலமும் வந்தது. வழக்கறிஞர் பட்டியல் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. பழைய வழக்கில் யார் என்ன உறுதி கொடுத்தார்கள் என்று சொல்ல ஆளில்லாமல் போவதுதான் இதில் பெரிய நஷ்டம். எனக்கு இது கோபமாகவே இருக்கிறது. 1920ஆம் ஆண்டுச் சட்டமும் 2023இல் விடைபெற்றது. அதன் இடத்தில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருத்தச் சீட்டுகள் ஒட்டிய அந்தப் பிரதி என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது நான் பட்டியலில் இல்லை. ஆனாலும் அண்மையில் வந்த ஆணையர், என் மகள் வயதுப் பெண், பழைய கோப்புகளில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தார். புதிய பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டிகள் நெருக்குகின்றன, வார இறுதியில் எடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், என்ன சொல்கிறீர்கள் என்றார். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை யாரையும் அகற்ற முடியாது. சான்று உள்ளவரை இடம் மாற்றவும் 30 நாள் அறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை மறுபடி அழைத்தார். வண்டிகளை எடுக்கவில்லை. குழுவைக் கூட்ட அறிவிப்பு அனுப்பியாயிற்று, ஆனால் பட்டியலில் இருக்கும் சிலர் இப்போது அங்கே இல்லை, புதிதாக வந்தவர்கள் பட்டியலில் இல்லை என்றார். “அவங்களையும் கூப்பிட்டுக் கேக்கணுமில்ல சார்?” கேட்க வேண்டும் என்றேன். அப்படியானால் கணக்கெடுப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டும், விடிகாலை நாலு மணிக்கு இட்லிக்கடை போடுகிறவர்கள் பகலில் இருக்க மாட்டார்கள், அதற்கு ஆளை எந்த நேரத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டார். நேரம் குறித்துக் கொடுத்தேன்.